‘வாறன்’ என்றால் ‘கம்’ இல்லையாம்!

சென்ற வாரம் ஒரு சீனப் பெண்ணை ஒரு மணித்தியாலம் கணினிக்கு முன்னால் சும்மா இருத்திவிட்டேன். ஒரே ஒரு சொல்லால்!

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்தபடி, ஒரு கம்பனிக்காக இணையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூட. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமில்லை. இது முதல் மாதம். ஒரு மாணவர் முறைப்பாடு செய்தால் போதும்... வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

அந்த மாணவியின் பெயர் மெய். ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை. அன்றைய பாடம் ‘கம்’. சொல்பவரை நோக்கி வந்தால் ‘கம்’, விலகினால் ‘கோ’. யாராவது கூப்பிட்டால், போகிறவரும் ‘கமிங்’ என்றுதான் சொல்ல வேண்டும். கனவு பலித்தால் ‘கம் ட்ரூ’. எல்லாம் விளக்கி முடித்து, “ஓகே மெய், ஐ வில் கோ அண்ட் கம்” என்று லப்டொப்பை மூடினேன்.

மறுநாள் காலை அவளுடைய செய்தி: ‘ரீச்சர், வருவேன் என்றீர்கள். ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். சுகம்தானே?’

மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

“கரண்ட் போயிட்டுது எண்டு சொல்லன்” என்றா. பிறகு அவவுக்கே சிரிப்பு. “கம் படிப்பிச்ச ரீச்சருக்குக் கம் தெரியேல்லை!”

பொய் சொல்லலாம்தான். ஆனால்... மெய்யிடமா?

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பா கடலுக்குப் புறப்படும் அவசரத்தில் ‘போறன்’ என்று வாய் தவறினால், அம்மா வாசல்வரை துரத்திக்கொண்டு வருவா. “வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ!” போகிறவர் திரும்பி வரவேண்டும் — அந்தப் பயத்தையும் ஆசையையும் ஒரு வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் யாருக்கு விளங்கும்?

இதையெல்லாம் எழுதினேன். ‘பிழை என்னுடையது’ என்றும் எழுதினேன். பெருமைக்காரிக்கு அந்த இரண்டு சொல்லும் லேசில் வரவில்லை. அனுப்பிவிட்டு மத்தியானம்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. ‘விடைபெறுகிறவரிடம் நாங்கள் “மெதுவாகப் போங்கள்” என்போம், ரீச்சர். அதை ஒரு வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்! எனக்கு இன்னும் பத்து வகுப்பு வேண்டும். உங்களிடம்தான்.’

அடுத்த வகுப்பு முடிவில் “சீ யூ, ரீச்சர்” என்றாள். அச்சொட்டாகச் சரி.

அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா. “சீ யூ எண்டால் என்ன பிள்ளை?”

“திரும்பச் சந்திப்பம் எண்டு, அம்மா.”

“அப்ப அதுவும் வாறன் தானே!”

ஓம் என்று ஒப்புக்கொள்ள, படித்த எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.