இனிமேல் பாடே இருக்கக் கூடாது

அம்மா பிறந்த ஊர் கடலூர்ப் பக்கம், பெண்ணையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. நாங்கள் அங்கே குடிபோனபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை கள்ளக்குறிச்சியில் இருந்தோம். அப்பா மூட்டை தூக்கிய மக்காச்சோள மண்டியை மூடிவிட்டார்கள். அம்மாவின் ஊரில் ஐஸ் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. எனக்கு அந்த ஊரில் பெரிய குறை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்வராயன் மலை தெரியாததுதான். மலை இல்லாமல் மேற்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "கடலுக்கு முதுகக் காட்டி நில்லு, எதிர்ல இருக்கிறதுதான் மேக்கு" என்றாள் அம்மா.

அது பள்ளி விடுமுறைக் காலம். தினமும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள். அவளுக்கே பாதி ஊர் புதிதாக இருந்தது. அவள் கிளிஞ்சல் பொறுக்கிய கரையைக் கடல் தின்றிருந்தது. சவுக்குத்தோப்பு இருந்த இடத்தில் பாறாங்கல் கொட்டியிருந்தார்கள். "இங்கதான் இருந்துச்சு" என்று அவள் காட்ட, இல்லாததையெல்லாம் பார்த்து நான் தலையாட்டுவேன். முகத்துவாரத்தில் மட்டும் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். திருக்கோவிலூரில் நான் கால் நனைத்த ஆறு அங்கே வந்து சேர்ந்திருந்தது.

எங்கே சுற்றினாலும் கடைசியில் படகுகள் கரையேறும் இடத்துக்கு வந்துவிடுவோம். அங்கே அம்மாவின் அண்ணன், என் மாமா, வலை உதறிக்கொண்டிருப்பார். துடுப்புப் பிடிக்கத் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று பத்து வருஷமாக அவர் அம்மாவோடு பேசுவதில்லை. அம்மா பத்தடி தள்ளி நிற்பாள். அவர் வலையையே பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த மாசம் பாக்கறேன். அண்ணன் பேசலன்னா கள்ளக்குறிச்சிக்கே போயிடலாம்" என்று அப்பாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

மாசம் முடியப் போகிறதே என்று ஒருநாள் நானே தூது போனேன். மாமா பக்கத்துப் படகுக்காரரிடம், "இன்னிக்குப் பாடே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பாடு என்றால் கஷ்டம். மண்டியிலிருந்து வந்ததும் அப்பா, "இன்னிக்குப் படாத பாடு பட்டுட்டேன்" என்பார். இவரோ பாடே இல்லை என்கிறார். ஆள் நல்ல மனநிலையில் இருக்கிறார், இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று கணக்குப் போட்டேன்.

"ரொம்ப சந்தோசங்க மாமா. உங்களுக்கு இனிமே எப்பவும் பாடே இருக்கக் கூடாதுங்க."

கரையில் இருந்தவர்களெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் பாடு என்றால் வலையில் விழும் மீன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வெறும் வலையோடு வந்து நின்றவரை, ஆயுசுக்கும் மீனே கிடைக்காமல் போகட்டும் என்று நாலு பேர் முன்னால் வாழ்த்தியிருக்கிறேன். அதுவும் மரியாதையாக, 'ங்க' போட்டு.

முதலில் சிரித்தது பக்கத்துப் படகுக்காரர்தான். மாமாவின் மீசை துடித்தது. அதைக் கோபம் என்றே நினைத்தேன். வலையைப் போட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போனார்.

"இன்னாடி பொண்ணு வளத்து வச்சிருக்க? பாடுன்னா இன்னான்னு தெரியல அதுக்கு. நீயெல்லாம் இந்த ஊர்ல பொறந்தவளா? நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு வா, நாலு நாள் இருந்து கத்துக்கட்டும்."

அம்மா மணலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என்னால்தானே அவளுக்கு இந்தத் திட்டு! ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "அம்மாவத் திட்டாதீங்க மாமா. இனிமே அவங்ககிட்டப் பேசவே பேசாதீங்க" என்று கெஞ்சினேன்.

அழுதுகொண்டிருந்த அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"நீ சும்மா இருடி. எங்கண்ணன் திட்டட்டும்."

திட்டு வாங்க இவ்வளவு ஆசைப்படும் ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததே இல்லை.