புடவையோடு ஒரு ரயில் ஒத்திகை

நேற்று தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெண், கொசுவத்தைக் கையில் பிடித்தபடி மின்சார ரயிலில் ஏறத் தயங்கினாள். அவளுடைய புதுப்புடவையின் கஞ்சி வாசனையில் எண்பதுகளின் ஒரு ஜூன் மாதம் திரும்பி வந்தது.

எனக்கு ரயிலில் போய்வரவேண்டிய ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அங்கே புடவைதான் கட்டவேண்டும். செம்பாக்கத்தில் தாவணியோடு சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த எனக்கு, புடவையில் ரயில் ஏற முடியும் என்றே தோன்றவில்லை.

"காலேஜே வேணாம்மா" என்று அழுதேன்.

அம்மா அசரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு மொடமொடவென்று ஒரு புடவையைச் சுற்றி, கண்ட இடத்திலெல்லாம் ஊக்கு குத்தி, இதே தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஒத்திகைக்கு அழைத்துப் போனாள். பல்லாவரம் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு.

"நல்லா பாத்துக்கோ. இந்தக் கையில கொசுவம், அந்தக் கையில கம்பி. அவ்ளோதான்!" என்று சொல்லி, நின்றிருந்த ரயிலில் ஏறிக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று உள்ளேயும் போய்விட்டாள். நான் காலைத் தூக்குவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்த ஒரு ரயிலிலிருந்து அம்மா இறங்கினாள். முகமெல்லாம் கோபம்.

"ஏண்டி, இங்கயே நின்னுட்ட? ஜன்னலோர சீட்ல உனக்காகப் பையை வெச்சுட்டு, பல்லாவரம் வரைக்கும் எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன் தெரியுமா!"