அம்மா சூடேற்றிய பிளக்

மழை விட்ட காலை. பக்கத்துத் தோப்பில் புல் வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஆயில் கலந்த பெட்ரோல் வாசனை ஜன்னல்வரை வந்தது.

ஆலங்குடி வீட்டில், ஈரக்காற்று அடித்தால் அப்பாவின் மொபெட்டும் இப்படித்தான் மக்கர் பண்ணும். அம்மாதான் எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டுவாள். "சூடு ஆறுறதுக்குள்ள மாட்டுங்க" என்று முந்தானையில் பொதிந்து தருவாள்.

அவளுக்கு நெஞ்சுவலி வந்த அன்றும் மழை. ஆஸ்பத்திரிக்குப் போக மொபெட் கிளம்பவில்லை. முதல்முறையாக அப்பாவே அடுப்பைப் பற்றவைத்து, விரல்களைச் சுட்டுக்கொண்டு பிளக்கை மாட்டினார். ஒரே மிதியில் வண்டி கிளம்பியது.

"ஸ்டார்ட் ஆயிருச்சு, வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

அம்மா சுவரில் சாய்ந்தபடியே இறந்திருந்தாள். வாசலில் நின்ற வண்டியின் எஞ்சின் பெட்ரோல் தீரும்வரை ஓடியது. யாரும் அணைக்கவில்லை.

தோப்பில் இப்போது மெஷின் கிளம்பிவிட்டது. அதை நிறுத்தும்வரை ஜன்னலோரமே நின்றேன்.