ஒரே கோட்டில் இரண்டு மாப்பிள்ளைகள்

மலாயாவின் ஜொகூர் பாருவில் தாய்மாமன் துணிக்கடையில் ஏழு வருஷம் துணி கிழித்த லியாக்கத் அலி, இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று 1927-இல் முடிவெடுத்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பவிருந்த ஜப்பானியப் படக்காரர் ஒருவரிடம் பழைய கேமராவை வாங்கினார்.

"உன்னத் தேடி யாரு வருவா?" என்றார் மாமா.

"நான்தான் தேடிப் போகப் போறேன் மாமு."

ரயிலேறி ரெங்கம் போய், அங்கிருந்து நடந்து ஒரு ரப்பர் தோட்டத்தை அடைந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனம் முழுக்கக் கூடி வேடிக்கை பார்த்தது. படமெடுக்க ஒருவரும் உட்காரவில்லை. "எங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா?" என்று கலைந்துவிட்டார்கள்.

அடுத்த முறை ஒரு கறுப்புக் கோட்டும் ஓடாத கைக்கடிகாரமும் கொண்டுபோனார். வரிசை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் வரை நின்றது. ஒல்லியானவர்களுக்குக் கோட்டின் முதுகில் ஊசி குத்தினார். குண்டானவர்களுக்கு முதுகுத் தையலைப் பிரித்துவிட்டார். வெறுங்கால் தெரியாமல் முழங்காலோடு படம் முடிந்தது.

"ஊருல பொண்ணு பாக்குறாங்க. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மாதிரி தெரியணும் பாய்" என்றார் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வீரமுத்து.

"என்னைப் பெரிய கிராணியாவே எடுத்துருங்க" என்றார் அடுத்து நின்ற மணியம்.

நாலு மாதம் கழித்து, இருவரும் ஆளுக்கொரு கடிதத்தோடு ரெங்கம் ஸ்டேஷனில் அவரை மறித்தார்கள். இரண்டு படங்களும் ஒரே பெண்ணின் அப்பாவுக்குப் போயிருந்தன. இரண்டு கடிதங்களிலும் ஒரே வாசகம். லியாக்கத் அலி படித்துக் காட்டினார்: "இரண்டு படத்திலும் அதே கோட்டு. கடிகாரத்திலும் அதே பத்தேகால் மணி. கோட்டுக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிவித்தால் மேற்கொண்டு பேசலாம்."

அடி விழும் என்று லியாக்கத் அலி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தொழில்னு வந்துட்டா இன்னொரு கோட்டு வச்சிருக்க வேணாமா பாய்?" என்றார் மணியம், மிகுந்த வருத்தத்தோடு.

தன் தொழில் இன்னதென்று லியாக்கத் அலிக்கு அன்றுதான் விளங்கியது. வருஷக் கடைசிக்குள் நாலு கோட்டு, இரண்டு டை, ஒரு தொப்பி சேர்ந்தன. மாமாவே கோட்டுத் துணி அனுப்பினார், கடை விலைக்கு.

வீரமுத்து மட்டும் பெண்ணின் அப்பாவுக்கு உண்மையை எழுதச் சொன்னார். கோட்டு படக்காரருடையது, நான் பால்வெட்டுகிறேன் என்று லியாக்கத் அலியே எழுதிக் கொடுத்தார். பதில் வந்தது. "நேர்மையைப் பாராட்டுறாங்க. வேற இடம் பாத்துக்கச் சொல்றாங்க" என்று படித்துச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தார்.

படக்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்த கடைசி வரியை அவர் படிக்கவில்லை.