வியர்க்கும் சுவர்

டில்லி கரோல் பாகில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரும் தமிழர்தான். கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். ஒடிசலான உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு பழுப்பு மஃப்ளர். குளிர்காலம் வந்தால் எங்கள் படுக்கையறைச் சுவர் வியர்த்து வழியும். மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை. மகளின் ஸ்வெட்டரில்கூட அந்த நாற்றம் ஏறிவிட்டது. அறையின் ஒரே ஜன்னலை அவர் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்.

கூப்பிட்டால் உடனே வருவார். மஃப்ளர் நுனியால் பூஞ்சையை அழுத்தித் துடைப்பார். பிறகு அதையே கழுத்தில் சுற்றிக்கொள்வார். நான் ஓரடி தள்ளி நின்றுகொள்வேன்.

"சார், பலகையை எடுத்துடுங்க. குழந்தைக்கு இருமல் நிக்கவே இல்ல."

"அச்சா, எடுத்தா புகை உள்ள வராதா? டில்லி காத்து விஷம் சார். நீங்க ரெண்டு வேளையும் சோறு பொங்கறீங்க, அந்த ஆவிதான் இது."

"அப்ப சமைக்கவே வேண்டாமா?"

"ரொட்டி சாப்பிடுங்களேன்" என்றார், சிரிக்காமல்.

அந்த மாதமே வேறு வீடு பார்த்தோம். சாவி கொடுக்கப் போனபோதுதான் முதல்முறையாக அவர் அறைக்குள் நுழைந்தேன். அங்கும் ஜன்னலில் பலகை. கட்டிலை ஒட்டிய சுவர் கூரைவரை கறுத்திருந்தது. தலையணையிலும் கறுப்புப் புள்ளிகள்.

"உக்காருங்க, இங்க காத்து சுத்தம்" என்று கட்டிலைத் தட்டினார்.

நான் உட்காரவில்லை. தெருவுக்கு வந்து, அந்தப் புகைமூட்டத்தில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். அதுவரை அவரை ஏமாற்றுக்காரர் என்றே திட்டியிருந்தேன். சொன்னதையெல்லாம் அவர் நம்பித்தான் சொன்னார் என்று தெரிந்தபிறகும் அருவருப்பு குறையவில்லை. எப்படித் திட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று.