குப்பியில் இருக்கும் கடல்

ஓய்வுக்குப் பிறகு நான் சர்க்கரையோடும் என் மனைவி கடல்நீர்க் குப்பிகளின் கவலையோடும் முடிச்சூரில் குடும்பம் நடத்துகிறோம். குப்பிகள் இருந்தது நாங்கள் இருவரும் வேலை பார்த்த கடல் ஆய்வுக்கூடத்தின் கிடங்கில். அங்கே அவள் விஞ்ஞானி, நான் நிர்வாக அதிகாரி. அதாவது அவள் படகு கேட்பாள், நான் மூன்று கொட்டேஷன் கேட்பேன்.

மாதந்தோறும் ஒரே இடத்தில் மெல்லிய வலையை இழுத்து, சிக்கும் மிதவை உயிரிகளை எண்ணிக் குறித்து, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் போட்டு வைப்பாள். தூசியளவு இறால் மாதிரி இருக்கும். சித்திரையில் கடல் சூடானால் ஒரு கூட்டம், ஐப்பசி மழையில் உப்பு குறைந்தால் வேறு கூட்டம். ஆனால் வருடங்கள் போகப் போகப் பெரியவை குறைந்து பொடிசுகள் பெருகின. கடலின் சூடு ஏறிக்கொண்டே போவதால் என்றாள்.

“குரோம்பேட்டைல பெரிய வீட்டை இடிச்சுட்டு சின்னச் சின்ன ஃபிளாட்டா கட்டலையா, அந்த மாதிரி” என்று எனக்குப் புரியும்படியும் சொன்னாள்.

வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்த வருடம், நான் இன்சூரன்ஸ் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் படகேறிவிட்டாள். அந்த மாதக் குப்பியில் கடலில் இருக்கவே கூடாத ஏரி உயிரிகள், அடையாறு வழியே போனவை. “நம்ம ஹாலைத் தாண்டிப் போனவங்கதாங்க” என்றாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய குப்பிகளைக் கொட்டப்போகிறார்கள் என்று அவளுடைய பழைய மாணவி போனில் சொன்னாள்.

“எல்லாம் எண்ணி முடிச்சதுதானே?” என்று மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

“நான் தேடினதை எண்ணினேன். இனிமே வர்றவங்க வேற எதையாவது தேடுவாங்க. பழைய கடலைத் திரும்பப் போய் அள்ள முடியுமாங்க?”

அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் தாம்பரத்தில் ரயிலேறி இருவரும் போனோம். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு, புதிய நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன்.

“இடமே இல்ல சார். கொட்டிட்டா பேஜார் முடிஞ்சுது.”

“கொட்டலாமே. ஃபார்மலின் விஷம், சாக்கடைல ஊத்த முடியாது. அனுமதி வாங்கணும், டெண்டர் விடணும், கமிட்டி போடணும். கமிட்டில துறை நிபுணர் ஒருத்தர் இருக்கணும்.”

“அதுக்கு யாரைப் புடிக்கிறது சார்?”

“வெளில பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. ஒத்துக்க மாட்டாங்க.”

அவர் கோப்பை மூடி வைத்தார். “வச்சுக்கிட்டா?”

“ஒரு ரூம், நாலு ஷெல்ஃப். பொறுப்பாளர்னு ஒரு கையெழுத்து.”

அவளை உள்ளே கூப்பிட்டார். “மேடம், மாசம் ஒருதடவை வந்து நீங்களே பார்த்துக்கிறீங்களா?”

பணிக்காலம் முழுக்க நான் நீட்டிய எந்தக் காகிதத்திலும் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. பொறுப்பாளர் என்று அவர் எழுதி நீட்டிய இந்தக் காகிதத்தை அவள் படிக்கவே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, கிடங்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே என் பேனாவோடு போய்விட்டாள்.