நகலக்கா எடுக்காத நகல்

நகலக்காவின் தாடை இடப்பக்கம் கொஞ்சம் கோணியிருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டியவன் குக்கர் மூடியால் அடித்த அடி அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். பிற்பாடு அந்தத் தாளைத்தான் அவன் ஆட்டி ஆட்டிக் காட்டினான். "நான் எங்கடி அடிச்சேன்? நீயே சொல்லியிருக்க பாரு!" தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. இரக்கப்பட்டு யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனை உதறிவிட்டு வந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்தாள். எட்டடிக்குப் பத்தடி. அங்கே ஒரே சட்டம்தான்: எந்த டிஸ்க்கைத் தொடுவதானாலும் முதலில் அதிலிருப்பதை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். "முதல்ல நகல், அப்புறம்தான் கை." அவசரம் என்று யாராவது முனகினால், "அவசரம்னா வேற கடை பாருங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான் நகலக்கா என்ற பெயரை வைத்தார். "நாள் பூரா நகல் எடுக்கிறது நான், பேரு மட்டும் இவங்களுக்கு" என்று அவரே புலம்புவார்.

ஒரு நாள் மதியம், மருந்துக்கடையில் பில் போடும் பெண் ஒரு சி.பி.யூ. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை. நகலக்கா பெட்டியைப் பார்ப்பதற்கு முன் அந்தச் சட்டைக் கையைப் பார்த்தாள்.

புருஷன் அடித்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். போன வாரம் அவன் போனைச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டான். ஆனால் போனில் இருந்ததெல்லாம் ஒரே மூட்டையாக வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஏற்கெனவே சேமிப்பாகியிருந்தது. அந்த மூட்டை அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் பிரியும், அதைப் பிரித்துப் படங்களை எடுக்க சி டிரைவில் இடம் வேண்டும். சி-யில் எள் விழ இடமில்லை. டி-யில் பாதி காலி, மீதிப் பாதி அந்த மூட்டைதான்.

"நாளைக்குக் காலைல கோர்ட்டுல காட்டணும் அக்கா. இல்லன்னா நான் அந்த வீட்டுலயே கிடந்து சாக வேண்டியதுதான். ஆறு மணிக்கு அவர் வருவாரு. அதுக்குள்ள பெட்டி வீட்டுல இருக்கணும்."

ஒரே டிஸ்க்கில் இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர். சுவரை நகர்த்தி டி-யைச் சுருக்கி சி-யைப் பெரிதாக்க வேண்டும். அதற்கு டி-யின் சரக்கை எல்லாம் துளித்துளியாகத் தள்ளி வைக்கும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் பாதியில் கரண்ட் போனால் சரக்கு பழைய இடத்திலும் இருக்காது, புது இடத்திலும் இருக்காது. நகர்த்த மூன்று மணி நேரம், நகலுக்கு இரண்டு. மணி அப்போதே ஒன்றரை.

கடை வைத்ததிலிருந்து முதல் தடவையாக நகலக்கா நகல் எடுக்கவில்லை. கரண்ட் போனாலும் தாங்க யூ.பி.எஸ். இருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள்.

எழுபத்தொரு சதவீதம் ஓடியிருந்தபோது அந்தப் பெண்ணின் புருஷன் வந்தான். எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான். உள்ளே நுழைந்தவன் பெண்டாட்டியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேஜை விளிம்பில் முகத்தை மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கீபோர்டில் கொட்டியது.

"விடுடா நாயே!" நகலக்கா ஸ்க்ரூடிரைவரை அவன் முன்கையில் இறக்கினாள். அலறிக்கொண்டு திரும்பி அவள் வாயில் குத்தினான். அவள் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே யூ.பி.எஸ். மேல் கவிழ்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். விலாவில் மிதித்தான், விடவில்லை. விரல்களைச் செருப்புக் காலால் நசுக்கினான், விரல் ஒன்று மளுக்கென்றது, அப்போதும் விடவில்லை. அவள் எதைக் காப்பாற்றுகிறாள் என்று பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினான். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தான்.

ஜெராக்ஸ்காரரும் தெருவில் இருந்த நாலு பேரும் ஓடிவந்து அவனை அமுக்கிப் பிடித்தபோது மணி நாலு. போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றியது.

நகலக்கா ஒரு பல்லைத் துப்பிவிட்டு, வளைந்த பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாள். டி டிரைவைத் திறக்க முடியவில்லை என்று திரை சொன்னது. இரண்டு மென்பொருள் போட்டுத் துழாவினாள். ஒரு படம்கூடத் தேறவில்லை.

"பரவாயில்ல, நகல் இருக்குல்ல அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"எடுக்கலம்மா."

உடைந்த விரலைவிட அந்த வார்த்தைதான் நகலக்காவுக்கு வலித்தது. அந்தப் பெண் அழக்கூட இல்லை. "சரி, விடுங்க. என் தலையெழுத்து. நாளைக்கே அவர ஜாமீன்ல விட்ருவாங்க. நான் வீட்டுக்கே போயிடறேன்" என்று எழுந்தாள். நகலக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஜெராக்ஸ்காரர் பின்னாலேயே வந்தார்.

டியூட்டி டாக்டர் நிமிராமலே கேட்டார். "என்ன ஆச்சு? வழுக்கி விழுந்தீங்களா?"

பேனா தாளைத் தொட்டுவிட்டது. "வழுக்கலை. இவ புருஷன் அடிச்சான், எங்க ரெண்டு பேரையும். அப்படியே எழுதுங்க. மூக்கு, விரல், பல்லு, ஒண்ணுவிடாம எழுதுங்க" என்றாள் நகலக்கா.

பக்கத்தில் நின்றிருந்த பெண் மெதுவாகச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். பழையதும் புதியதுமாகத் தடங்கள். "இதையும் எழுதுங்க டாக்டர்" என்றாள்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டதும், தையல் போட நர்ஸ் கூப்பிட்டாள். நகலக்கா போகவில்லை. இரண்டு தாளையும் வாங்கி ஜெராக்ஸ்காரர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல நகல்" என்றாள், ரத்தம் ஒழுகும் வாயோடு.